ஆள் இல்லை என்று ஒரு கையெழுத்து

வீட்டுக் கடன் வாங்குவதற்கு வேண்டிய தகுதியெல்லாம் எங்களுக்கு இருந்தது. வாங்குவதற்கு வீடுதான் இல்லை.

எழுபதுகளின் கடைசி அது. நான் தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் பகுதியில் வேலை செய்தேன். என் வீட்டுக்காரர் அதே தோட்டத்தில் லோரி ஓட்டினார். இரண்டு பெண் பிள்ளைகள். தொழிலாளர்களுக்குத் தோட்டம் கொடுத்திருந்த வரிசை வீடுகளான லயத்தில் கடைசிக்கு முந்தைய வீடு எங்களுடையது. எங்களுடையது என்று பழக்கத்தில் சொல்கிறேன். வேலை இருக்கும்வரை இருக்கலாம், அவ்வளவுதான். பக்கத்தில் கடைசி வீட்டில் இருந்தவர் தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டும் ஆள். அவருக்கு வயதாகி வேலை நின்றதும் தோட்டத்துக் கணக்கர், கிராணி, வந்து சாவியைக் கேட்டார். சாமான்களோடு அவரையும் அவர் மனைவியையும் லோரியில் ஏற்றிக் கீழே தாப்பாவில் மகன் வீட்டில் விட்டு வந்தது என் வீட்டுக்காரர்தான். அன்று திரும்பி வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்தம்மா லோரில ஏறவே மாட்டேன்னுடுச்சு. கதவப் புடிச்சிக்கிட்டு விடவே இல்ல," என்றார். பிறகு, "நமக்குன்னு ஒரு வீடு வேணும் புள்ள," என்றார்.

வேண்டும் என்றால் எங்கே போவது? மலையில் நிலத்தின் விலை அப்படி. தானா ராத்தா, பிரிஞ்சாங் பக்கம் கோலாலம்பூர்ப் பணக்காரர்களின் பங்களாக்களும் ஹோட்டல்களும். திரிங்காப், கியா பார்ம் பக்கம் போனால் ஒரு முட்டைக்கோஸ் நிற்க முடிகிற சரிவுக்கெல்லாம் ஒரு சீன முதலாளி, ஒரு தவுக்கே, இருந்தார். பட்டணத்துக்காரர்கள் குளிரைத் தேடி வருகிற ஊரில், குளிரிலேயே பிறந்தவர்களுக்கு ஒரு மூலை கிடைக்கவில்லை.

அப்போதுதான் தானா ராத்தாவில் ஓர் அலுவலகத்தில் கிராமப்புற வீட்டுக் கடன் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். முன்பணம் ஒரு காசு கட்ட வேண்டாம். வீட்டின் முழு விலையையும் கடனாகக் கொடுத்துவிடுவார்கள், மாதாமாதம் சம்பளத்தில் கழியும். கேட்டதும் ஏதோ ஏமாற்று வேலை என்றுதான் நினைத்தேன். போய் விசாரித்தால் உண்மை. குடியுரிமை உள்ளவர்களுக்கான நீல அடையாள அட்டை வேண்டும் என்றார்கள். என்னுடையது சிவப்பு, அவருடையது நீலம். அவர் பெயரிலேயே போட்டோம். சம்பளம் அவர்கள் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது. தாண்ட வழியே இல்லை. வேறு சொத்து எதுவும் இருக்கக் கூடாது என்றபோது இவர் சிரித்துவிட்டார். எதிரே இருந்த அதிகாரியும் சிரித்தார்.

பிறகு வீட்டுக்கான நிபந்தனைகள். பட்டண எல்லைக்கு வெளியே இருக்க வேண்டும். மனிதர் வாழத் தக்கதாக இருக்க வேண்டும். விலை ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும். கடைசியாக ஒன்று: அந்த வீட்டில் வேறு யாரும் குடியிருக்கக் கூடாது. அதிகாரி ஒருவர் நேரில் வந்து பார்த்து, ஆள் இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். மற்றதெல்லாம் கேட்டுப் பயந்தோம். இதைப் பெரிதாக நினைக்கவே இல்லை.

அந்த விலைக்கு மலையில் வீடு தேடி ஞாயிற்றுக்கிழமைகளெல்லாம் போயின. மழைக்காலம் முடிகிற சமயத்தில்தான் ரிங்லெட்டுக்கு அப்பால், அணை ஏரிக்கு மேலே ஒரு வீடு விற்பனைக்கு இருப்பதாக இவர் கேட்டு வந்தார். ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு மருந்து கட்டும் டிரஸராக இருந்து ஓய்வு பெற்ற கிறிஸ்தவர் ஒருவருடையது. பலகைச் சுவர், தகரக் கூரை, சிமெண்டுத் தரை, இரண்டு அறை, பின்னால் அடுப்பங்கரை, சொந்தப் பட்டா. அவர் சொன்ன விலை கடன் வரம்புக்கும் கீழே இருந்தது.

"ஏன் ஐயா இவ்ளோ கம்மியா குடுக்குறீங்க?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"நான் ஈப்போவுல மகன்கிட்ட போயிட்டேன் தம்பி. மூடிக் கெடக்குற வீட்ட வெச்சிக்கிட்டு என்னா செய்யிறது?" என்றார் அவர். நல்ல மனிதர். வெள்ளைச் சட்டை, சுத்தமான நகங்கள். எங்களோடு ஏரிவரை வந்தவர் வேலிக் கதவருகிலேயே நின்றுகொண்டு சாவியை நீட்டினார். "நீங்க போய்ப் பாருங்க. என்னால மேடு ஏற முடியாது." வேலியிலிருந்து வாசல்வரை மேடே இல்லை.

மதிய நேரம். ஏரியிலிருந்து பனி மேலேறிக்கொண்டிருந்தது. பூட்டைத் திறந்து உள்ளே போனோம். ஒரு வருஷத்துக்கு மேலாக மூடிக் கிடக்கும் வீடு என்று சொன்னார்கள். தூசி இல்லை. மூலையில் ஒரு சிலந்திக்கூடு இல்லை. மூடிய வீட்டுக்கென்று ஒரு வாடை இருக்குமே, அதுவும் இல்லை. அடுப்பங்கரைக்குப் போய் விறகடுப்பின் மேல் கையை வைத்தேன். வைத்த வேகத்தில் எடுத்தேன். சூடு.

"ஏங்க, இங்க வாங்க."

அவரும் தொட்டுப் பார்த்தார். "கொழுந்தெடுக்குற ஆளு யாராச்சும் மழைக்கு ஒதுங்கியிருப்பாங்க," என்றார். பின்கதவு பூட்டித்தான் இருந்தது. ஆனால் அந்தப் பூட்டைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லை. அடுப்புக்கு எதிரே தரை ஈரமாக இருந்தது. வழியெல்லாம் சிந்திய ஈரம் இல்லை. ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு, அந்த ஓரிடத்தில் மட்டும் தண்ணீர் சொட்டித் தேங்கியிருந்தது. நான் கூரையை அண்ணாந்து பார்த்தேன். ஒழுகின தடம் எதுவும் இல்லை.

ஆனாலும் வீடு எனக்குப் பிடித்துவிட்டது. அதை மறைக்க மாட்டேன். முன்னறை ஜன்னலைத் திறந்ததும் எதிர்மலை தெரிந்தது. ஒரு பிள்ளைக்கு இந்த மூலை, இன்னொரு பிள்ளைக்கு அந்த மூலை என்று மனசு பிரித்துவிட்டது. மனுவில் அந்த வீட்டையே எழுதிக் கொடுத்தோம்.

பார்வையிட வந்த அதிகாரி தமிழர்தான். கீழ்நாட்டுக்காரர். மலைக் குளிருக்கு இரண்டு சட்டை போட்டு, அதன்மேல் ஒரு கம்பளிச் சட்டையும் போட்டிருந்தார். அன்றைக்கென்று லோரி வழியில் நின்றுபோய், நாங்கள் போய்ச் சேரத் தாமதமாகிவிட்டது. பனிக்குள் அவர் வேலிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்.

"என்னாங்க, காலி வீடுன்னு எழுதியிருக்கீங்க. வீட்ல ஆள் இருக்காங்களே."

"இல்லிங்க சார். சாவி இந்தா என்கிட்டதான் இருக்கு," என்றார் இவர்.

"நான் பாத்தேன்லா. கதவத் தட்டுனேன், தெறக்கல. பின்னால சுத்திப் போனேன். அடுப்பங்கர ஜன்னல்ல ஒரு அம்மா நின்னாங்க. தல குளிச்சிட்டு முடிய விரிச்சுப் போட்டிருந்தாங்க, தண்ணி சொட்டுது. என்னப் பாத்தாங்க, பேசாம உள்ள போயிட்டாங்க."

நாங்கள் திறந்து காட்டினோம். ஒருவரும் இல்லை. அதிகாரி அறை அறையாகப் பார்த்தார், கட்டில் இருந்திருந்தால் அடியிலும் குனிந்து பார்த்திருப்பார். அடுப்பில் தணல் கிடந்தது. அதைக் கண்டதும் அவர் முகம் மாறிவிட்டது.

"இங்க பாருங்க, நான் பொய் எழுத முடியாது. யாரோ குடியிருக்காங்க. அவங்கள அனுப்பிட்டுச் சொல்லுங்க, இன்னொரு வாட்டி வர்றேன். அப்பவும் ஆள் இருந்தா மனு தள்ளுபடிதான்."

அடுத்து ஈப்போவுக்குத் தூள் ஏற்றிப் போனபோது இவர் டிரஸரைப் போய்ப் பார்த்தார். அதிகாரி சொன்னதை அவரிடம் சொன்னார்.

"நான் உங்களுக்குச் சொல்லியிருக்கணும்," என்றாராம் டிரஸர். "என் சம்சாரம் அந்த ஏரியில போயிட்டா தம்பி. வீட்டுக்குப் பின்னால தண்ணிக்கு எறங்குற படி இருக்குல்ல, அதுல தொவைக்கப் போனா. மழ நேரம். சறுக்கிடுச்சு. மறுநாள்தான் கெடைச்சா. அதுக்கப்பறம் அந்த வீட்ல என்னால கண்ண மூட முடியல."

"அப்ப அடுப்பு மூட்டுறது யாரு ஐயா?"

"அவ தங்கச்சி எங்க கூடத்தான் இருந்தா. கல்யாணம் ஆகல. ஈப்போவுக்கு வாம்மான்னு கூப்பிட்டேன், வரல. சொந்தக்காரங்க தோட்டத்துக்குப் போறேன்னா. போகலபோல."

இதை வந்து சொன்னபோது எனக்கு மூச்சு வந்தது. உயிருள்ள ஆள்தான். பேசினால் தீர்ந்துவிடும். அடுத்த ஞாயிறு இவருக்கு லோரி வேலை. பிள்ளைகளை லயத்திலேயே விட்டுவிட்டு, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு நான் மட்டும் பஸ் ஏறிப் போனேன்.

தூரத்திலிருந்தே கூரைக்கு மேல் புகை தெரிந்தது. பின்கதவு திறந்திருந்தது. அடுப்பின் முன் குந்தி ஒரு பெண் ஊதிக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருக்கும். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், மண். திரும்பிப் பார்த்தவர் பயப்படவில்லை.

"வீடு வாங்கப் போறவங்க நீங்கதானா தங்கச்சி? உள்ள வாங்க, குளிரு," என்றார், அவர் வீட்டுக்கு நான் வந்ததுபோல. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். முடியை ஆண்பிள்ளைபோல ஒட்ட வெட்டியிருந்தார். அதிகாரி பார்த்ததோ விரித்துப் போட்ட முடி. பனியில் அந்த அதிகாரிக்கு அப்படித் தெரிந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கீழே ஏரிக்கரைச் சரிவில் ஒரு சீனத்தியின் காய்கறித் தோட்டம் இருந்தது. அங்கே கீரை கழுவி, கட்டுக் கட்டி லோரிக்குக் கொடுப்பது அந்தப் பெண்ணின் வேலை. படுக்கை அங்கேயே கொட்டகையில். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பின்கதவுச் சாவியோடு மேலே வந்து கூட்டித் துடைத்து, அடுப்பை மூட்டிவிட்டுப் போவார்.

"எதுக்குக்கா மூட்டுறீங்க? சமைக்கிறது இல்லியே?"

"அக்கா துணிய எடுத்துக்கிட்டு எறங்குறப்ப, 'ரொம்பக் குளிருது, அடுப்ப மூட்டி வையி, வந்துர்றேன்'னு சொல்லிட்டுப் போனா. மூட்டி வெச்சேன். ரெண்டு வாட்டி கூப்பிட்டேன். மழ சத்தத்துல கேக்கலபோலன்னு இருந்துட்டேன்." ஒரு விறகை உள்ளே தள்ளினார். "வர்றப்ப நனைஞ்சிதான் வர்றா. இங்கதான் நிப்பா. கொஞ்ச நேரம் காய்ஞ்சிட்டுப் போயிருவா."

அவர் காட்டிய இடம் நான் நின்றுகொண்டிருந்த இடத்துக்கு அடுத்தது. நான் நகர்ந்தேன். இது பைத்தியமா என்று அவர் கண்களையே பார்த்தேன். தூள் சலிக்கும்போது பக்கத்தில் நின்று பேசுகிற பெண்களின் கண்களைப் போலத்தான் இருந்தன.

"நீங்க பாத்திருக்கீங்களா?"

"இல்ல. எனக்கு ஈரம் மட்டுந்தான் தெரியும்."

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். கடன், அதிகாரி, கையெழுத்து, லயத்து வீட்டின் சாவி, எல்லாவற்றையும் சொன்னேன். வெளியே போங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. "கையெழுத்து ஆவட்டும்க்கா. அப்பறம் பின்னறையில நீங்களும் எங்ககூட இருந்துக்குங்க. வாடகை கீடகை ஒன்னும் வேணாம். அடுப்பு நீங்க எப்ப வேணாலும் மூட்டிக்குங்க. அந்த ஒரு நாள் மட்டும் யாரும் இருக்கக் கூடாது. அடுப்பும் எரியக் கூடாது."

அவர் சுவரில் சாய்ந்து யோசித்தார். "ஒரு நாள்தானே," என்றார் கடைசியில். சொல்லிவிட்டு அடுப்பைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்.

அதிகாரி இரண்டாவது முறை வந்த நாளில் பனியே இல்லை. அப்படி ஒரு வெயில் மலையில் அபூர்வம். ஏரி கண்ணாடிபோலக் கிடந்தது. இறந்தவரின் தங்கை வீட்டுக்குள் போகவே இல்லை. நானும் அவரும் வேலிக்கு வெளியே கீரைக் கூடைகளின்மேல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். என் வீட்டுக்காரர் கதவைத் திறந்து அதிகாரியை உள்ளே கூட்டிப் போனார். அடுப்பில் முதல் நாள் சாம்பல்தான் இருந்தது. காலையில் நானே தொட்டுப் பார்த்திருந்தேன்.

முன்னறை ஜன்னல் ஒவ்வொன்றாகத் திறக்கும் சத்தம் கேட்டது. அளவு நாடாவை இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அதிகாரி பின்பக்கமாக வெளியே வந்தார். ஓடவில்லை. ஆனால் நடப்பதற்கு அவருக்குக் கால் கிடைக்காததுபோல வந்தார். வேலியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார், பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார்.

"இவங்க இல்ல," என்றார் மெதுவாக.

"என்னா சார்?"

"அடுப்புகிட்ட ஒரு அம்மா நின்னாங்க. அன்னிக்குப் பாத்த அதே அம்மா. 'அடுப்பு ஏன் அணைஞ்சி கெடக்கு'ன்னு என்னக் கேட்டாங்க."

என் பக்கத்தில் கூடை சாய்ந்தது. தங்கை எழுந்துவிட்டார். "நான் போயி மூட்டுறேன்," என்றார், யாரிடமும் இல்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வேகமாக வீட்டைப் பார்த்து நடந்தார். நான் தடுக்கவில்லை. என் வீட்டுக்காரர் அப்போதுதான் முன்வாசலில் இருந்து சுற்றிக்கொண்டு வந்தார். அவர் முன்னறை ஜன்னல்களைத் திறந்துகொண்டிருந்தவர், எதையும் பார்க்கவில்லை, எதையும் கேட்கவில்லை. ஆனால் எங்கள் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

"யாரு அவங்க? உண்மையச் சொல்லுங்க," என்றார் அதிகாரி.

என் வீட்டுக்காரருக்குப் பொய் வராது. "இந்த வீட்டுக்காரம்மா சார். ஏரியில விழுந்து எறந்து போயிட்டாங்க. இப்ப போறாங்களே, இவங்க அவங்களோட தங்கச்சி. இவங்க கீழ தோட்டத்துக் கொட்டகையில இருக்காங்க. இங்க யாரும் குடியிருக்கல சார்."

அதிகாரி ஏரியைப் பார்த்தபடி நின்றார். எங்கள் மனு முடிந்தது என்று நினைத்தேன். அந்த நேரத்தில்கூட எனக்கு அந்த நினைப்புத்தான் வந்தது. எதிர்மலை தெரியும் ஜன்னல் கையை விட்டுப் போகிறதே என்று.

"பாரத்துல குடியிருக்காங்களான்னுதான் கேட்டிருக்கு," என்றார் அதிகாரி. "வந்துட்டுப் போறவங்களப் பத்திக் கேக்கல."

லோரியின் மூக்கின்மேல் காகிதத்தை வைத்து, ஆள் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுத்து கோணலாக விழுந்தது. அளவு நாடாவை அடுப்பங்கரையில் போட்டுவிட்டு வந்திருந்தார். எடுக்க அவரும் போகவில்லை, இவரும் நகரவில்லை. நான் போனேன். தங்கை குந்தி ஊதிக்கொண்டிருந்தார், தீ பிடித்துவிட்டது. நாடா தரையில் கிடந்தது. அதன் ஒரு முனை நனைந்திருந்தது. அடுப்புக்கு எதிரே சிமெண்டில் அந்த ஓரிடம் கறுப்பாக ஈரமாகி, நான் பார்க்கப் பார்க்கக் கொஞ்சம் அகலமானது. அந்தப் பெண் ஊதுகிற சத்தத்தைத் தவிர அங்கே ஒரு சத்தமும் இல்லை. நாடாவைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்து வெளியே வந்தேன். முதுகைக் காட்டத் தைரியம் வரவில்லை.

கடன் வந்தது. லயத்து வீட்டுச் சாவியை நாங்களாகவே கிராணியிடம் கொடுத்தோம். "எங்கடா போறீங்க?" என்று அவர் ஆச்சரியமாகக் கேட்டபோது என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு, "சொந்த வீடுங்க," என்றார். அந்தச் சொல்லை அவர் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை. பால் காய்ச்சினோம். தங்கை பின்னறைக்கு வந்தார். தண்ணீருக்கு இறங்கும் படியில் இவர் இரும்புக் கம்பி நட்டு, பிள்ளைகள் கடக்காதபடி கதவும் வைத்தார்.

பயமாக இல்லையா என்று லயத்துப் பெண்கள் கேட்பார்கள். இருந்தது. மழை நாட்களில் அடுப்பங்கரைக்குப் போகுமுன் வாசலில் நின்று தொண்டையைச் செருமிவிட்டுத்தான் போவேன். பிள்ளைகளிடம் அந்த இடத்தில் விளையாடாதீர்கள், வழுக்கும் என்று மட்டும் சொன்னேன். அவர்கள் சுற்றிக்கொண்டு போகப் பழகினார்கள். ஏன் என்று கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. எண்பதுகளில் கேஸ் அடுப்பு வாங்கிய பிறகும் விறகடுப்பை இடிக்கவில்லை. மதியமானால் தங்கை மூட்டுவார். நானும் என் அரிசியை அதிலேயே ஏற்றிக்கொள்வேன்.

கடன் பாதி கழிந்திருந்தபோது, ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், டிரஸர் ஈப்போவிலிருந்து மைத்துனியைப் பார்க்க வந்தார். வேலிக் கதவில் நின்றவரை என் வீட்டுக்காரர் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார், பிள்ளைகளின் புத்தகங்களைப் பார்த்தார். அடுப்பங்கரையில், அந்த ஈர இடத்தை ஒட்டி, ஒரு நீளப் பலகை போட்டிருந்தோம். அதில் உட்கார்ந்தார். மைத்துனி கோப்பி கலந்து கொடுத்தார். வெளியே ஏரியின்மேல் மழை இறங்கியது.

பாதிக் கோப்பி குடித்திருப்பார். அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தவர், எதையும் யோசிக்காதவர்போல, பலகையில் ஒரு பக்கமாக நகர்ந்து ஓர் ஆளுக்கு இடம் விட்டு உட்கார்ந்தார்.